இரவு வீதியில் அடிபடும் உயிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, வீதியில் நசிந்து கிடக்கும் காட்டுயிர்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கி, மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளுக்குப் பொருந்தும்படி இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: இரவில் செங்கலடியிலிருந்து கரடியனாறு பக்கம் வான் ஓட்டுகிறேன். சட்டப்படி போகவேண்டிய வேகத்துக்கு மேலே போவதில்லை. ஆனாலும் முயல், நரி, மரநாய் என்று ஏதாவது குறுக்கே பாய்ந்தால் பிரேக் பிடித்தும் வாகனம் நிற்பதில்லை. பிரேக்கில் பிழையா, என்னில் பிழையா?
— வான் சாரதி, செங்கலடி

பிரேக்கிலும் இல்லை, உங்களிலும் இல்லை. கணக்கில்தான் பிழை. குடிமனைக்கு வெளியே 70 கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்பட்டது என்பது பகலுக்குத்தான் பொருந்தும். 70இல் போகும் வாகனம் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் நகருகிறது. கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வையுங்கள். அதற்குள்ளேயே 29 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் வீதியில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 27 மீற்றர். மொத்தம் 56. மழை பெய்த வீதி என்றால் இது 75ஐத் தொடும். டிம் லைட்டில் உங்களுக்குத் தெளிவாகத் தெரிவதோ 40, 50 மீற்றர். கறுத்த, மண்ணிறமான விலங்கு அதிலும் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஆகவே எதிரே வாகனம் வந்து நீங்கள் டிம் பண்ணிய நேரத்தில் 70இல் போனால், தெரியாத ஒரு துண்டு வீதிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். 50இல் நிற்கத் தேவை 35 மீற்றர், 40இல் 26 மீற்றர். இருபுறமும் பற்றைக்காடும் குளக்கட்டும் வரும் துண்டுகளில் மட்டும் 40, 45க்கு இறங்குங்கள். பத்துக் கிலோமீற்றர் தூரத்தை 70க்குப் பதில் 45இல் போனால் கூடுவது ஐந்து நிமிடம்கூட இல்லை.

லைட்டையும் ஒருமுறை பாருங்கள். சமதரையில் சுவருக்கு 10 மீற்றர் தள்ளி வானை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, லைட்டின் நடுமட்டத்தைவிட ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழே சுவரில் விழவேண்டும். அதற்கும் கீழே விழுந்தால் தூரம் குறையும். மேலே போனால் எதிரே வருபவர் கண் கூசும், அவர் எதையும் காணமாட்டார். பின்னால் நெல் மூட்டை ஏற்றினால் மூக்கு உயர்ந்து வெளிச்சமும் உயரும் என்பதால் பாரத்தோடும் ஒருமுறை பாருங்கள். மஞ்சளாகிப்போன கண்ணாடி, சேறு படிந்த கண்ணாடி இரண்டும் வெளிச்சத்தை நன்றாகவே தின்னும். இன்னொன்று, ஹலஜன் கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்ஈடி பல்பைப் போட்டு ஓடுபவர்கள் இப்போது அதிகம். முன்னால் பத்து மீற்றர் பால்போல் வெளிக்கும், அதனால் நல்ல லைட் என்று நினைப்பார்கள். கூட்டின் கண்ணாடி அந்தப் பல்புக்குச் செய்யப்படவில்லை. ஒளி சிதறித் தூரத்துக்குப் போகாது.

விலங்கு வெளிச்சத்தில் திகைத்து நின்றால், வேகத்தைக் குறைத்து டிம் பண்ணுங்கள். முயல் வெளிச்சத்துக்குள்ளேயே நேராக ஓடுவதன் காரணம், பக்கத்து இருட்டு அதற்குத் தெரியாததுதான். பிரைட்டை இறக்கினால் ஓரம் பிடித்துப் போய்விடும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப வேண்டாம். வாய்க்காலுக்குள் போன வாகனங்கள் பல இப்படிப் போனவைதான். ஒன்று கடந்துவிட்டால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடாதீர்கள். பன்றியின் பின்னால் குட்டிகளும், மானின் பின்னால் இன்னொரு மானும் வரும். சாரதிகள் அடிப்பது பெரும்பாலும் இரண்டாவதாக வருவதைத்தான்.

கேள்வி: மாலை ஆறு, ஏழு மணிக்கு வயல் வீதியில் பாம்புகள் ஏன் அசையாமல் கிடக்கின்றன? கோர்ன் அடித்தாலும் நகருவதில்லையே?
— கொக்கட்டிச்சோலை வாசகர்

சூட்டுக்காகக் கிடக்கின்றன. தார் வீதி பகலில் வாங்கிய வெப்பத்தை வயலும் புல்லும் ஆறிய பிறகும் சில மணி நேரம் வைத்திருக்கும். பாம்பு தன் உடல் வெப்பத்தை வெளியிலிருந்துதான் எடுக்கவேண்டும். கோர்ன் சத்தம் காற்றில் வருவது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, நிலத்தின் அதிர்வைத்தான் நன்றாக உணரும். அழுத்தமான காபட் வீதியில் வயிற்றுச் செதில்களுக்குப் பிடி கிடைக்காததால் மண்ணில் ஓடும் வேகத்தில் அங்கே ஓடவும் முடியாது. நிறுத்தி, இறங்காமல், அரை நிமிடம் பொறுத்தால் போய்விடும்.

அப்படிக் கிடப்பவற்றில் சாரைப்பாம்பும் உண்டு. வயலில் எலி பிடிப்பது அது, விஷமில்லை. வேண்டுமென்றே ரயரை ஏற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: மோட்டார் சைக்கிள் ரயர் வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பின் மேல் ஏறினால் முதலில் விழுவது ஓட்டுபவர்.

பாம்பைப் போலவே இரவில் வீதியில் உட்காரும் பறவை பக்கி. சிவந்த இரு கண் தரை மட்டத்தில் மின்னினால் அதுதான். கடைசி நொடியில்தான் எழும்பும், அதுவும் லைட்டின் உயரத்துக்கே எழும்பும். உடலெல்லாம் செதில் கொண்ட அழுங்கு இன்னும் மோசம். ஆபத்து என்றால் ஓடாது, சுருண்டுவிடும். வீதி நடுவில் கல் கிடக்கிறது என்று நினைத்து ஏற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: வீதியோரம் நெல் காயவைப்பதால்தான் பறவைகள் அடிபடுகின்றன என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். களம் இல்லாத நாங்கள் எங்கே காயவைப்பது?
— விவசாயி, சம்மாந்துறை

சொன்னது உண்மை. அதற்காக உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை; உலர்த்தும் களம் கட்டித் தரவேண்டியவர்கள் வேறு. ஆனால் நெல் எடுத்த பிறகு வீதியில் மிஞ்சுவதுதான் உயிர் குடிக்கிறது. பகலில் புறாவும் குருவியும் மயிலும் வரும். மயில் பாரமான பறவை, ஓடி எழும்ப இடம் வேண்டும். லொறி வந்தால் தப்பமாட்டாது. இரவில் அதே நெல்மணிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பும் ஆந்தையும் வரும். ஆந்தை இரையை நோக்கித் தாழப் பறக்கும்போது வாகனத்தின் முன் கண்ணாடியில் மோதும்.

செய்யக்கூடியது இதுதான். வெறும் தாரில் பரப்பாமல் படங்கு விரித்துப் பரப்புங்கள். அள்ளும்போது சிந்துவது மிகக் குறையும், கல்லும் கலக்காது. வளைவிலும் மதகிலும் மரம் கவிந்த இடத்திலும் வேண்டாம். மாலை நான்கு மணிக்குள் அள்ளி, தும்புத்தடியால் ஓரம்வரை கூட்டி, கூட்டியதை வீதியோரப் புல்லில் தள்ளிவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கோழிக்கு ஆகும். நெல்லைச் சுற்றி வைத்த கல்லையும் தடியையும் இரவில் விட்டுப்போவது மனிதருக்கே எமன். ஆலைக்குப் போகும் லொறிகள் கிழிந்த மூட்டையோடு மைல் கணக்கில் நெல் கொட்டிக்கொண்டு போவது இதைவிடப் பெரிய விடயம். அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வீதி காபட் போடப்பட்டு இருபுறமும் கொங்கிரீற்றுக் கான் கட்டப்பட்டது. அதன்பிறகு ஆமைகளும் தவளைகளும் முன்பைவிட அதிகம் சாகின்றன. வீதி அகலமாகியதாலா? திருத்த ஏதாவது செய்யலாமா?
— கிராம அபிவிருத்திச் சங்கம், வெல்லாவெளிப் பக்கம்

வேகம் கூடியது ஒரு காரணம். கானைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் திருத்தக்கூடியது அதுதான்.

60 சென்ரிமீற்றர் ஆழமான, செங்குத்துச் சுவர் கொண்ட கானுக்குள் விழுந்த ஆமையால் ஏறமுடியாது. வெயிலில் கொங்கிரீற்று கொதிக்கும், அரை நாளில் செத்துவிடும். தப்பித் தவறி ஏறுவது எங்காவது சுவர் உடைந்த இடத்தில். அது வீதிப் பக்கமாக இருந்தால் நேரே ரயருக்கு. ஆகவே காட்டுப் பக்கம், அல்லது வயல் பக்கம், ஏறும் சரிவு வேண்டும். 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 1 மீற்றர் 20 சென்ரிமீற்றர் நீளச் சரிவு, அகலம் 25 முதல் 30 சென்ரிமீற்றர், கானின் வெளிச்சுவரோடு ஒட்டியபடி. உள்ளே கல்லைப் போட்டு நிரப்பி மேலே 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவை போட்டால் ஒரு சரிவுக்கு ஒரு மூட்டைச் சீமெந்துக்கும் குறைவாகவே போகும். மேற்பரப்பைக் கரண்டியால் மழுப்பாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கு விளக்குமாறால் குறுக்கே இழுத்து வரி போடுங்கள், நகத்துக்குப் பிடி வேண்டும். 25, 30 மீற்றருக்கு ஒன்று போதும். கானின் அரைவாசி அகலத்தையாவது தண்ணீருக்கு விட்டுவைக்க வேண்டும். இதில் வழமையாகப் பிழைப்பது ஒன்று: சரிவின் மேல்நீர்ப் பக்கம் பிளாஸ்ரிக் போத்தலும் பொலித்தீனும் அடைத்து, மழைக்குக் கான் பொங்கி, பொறியியலாளர் வந்து சரிவை உடைக்கச் சொல்வார். புரட்டாதி முடிவில் ஒருமுறை துப்புரவு செய்தால் அந்தப் பேச்சே வராது. காசு இல்லாவிட்டால் கோடையில் மண் நிரப்பிய உரப்பைகளைப் படிபோல் அடுக்கி, மழைக்கு முன் எடுத்துவிடலாம்.

அடுத்தது மதகு. வீதிக்கு அடியில் ஏற்கெனவே இருக்கும் மதகும் குழாய்ப் போக்கும்தான் மலிவான சுரங்கப்பாதை. ஆனால் மாரியில் அவை விளிம்புவரை ஓடும். தரையில் நடமாடும் கீரி, மரநாய், நட்சத்திர ஆமை எல்லாம் அப்போது மேலே ஏறிக் கடக்கும். பெட்டி மதகு புதிதாகக் கட்டினாலோ திருத்தினாலோ, உள்ளே ஒரு சுவரோடு 40 சென்ரிமீற்றர் அகலத் திண்ணை ஒன்றைச் சாதாரண நீர்மட்டத்துக்கு மேலே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். திண்ணையின் இரு முனையும் கரையோடு இணையவேண்டும். அந்தரத்தில் முடிந்தால் பயனில்லை. பழைய குழாய்ப் போக்குகளில் வேறொரு கோளாறு உண்டு. தண்ணீர் விழும் பக்கம் அரித்து, குழாய் வாய் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும். கீழிருந்து வரும் ஆமைக்கு அது மூடிய கதவு. அந்த வாயில் கருங்கல்லை இறக்கிச் சரிவாக்கினால் போதும், ஒரு உழவு இயந்திரப் பெட்டிக் கல் தாராளம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மதகு வாயை மறித்து வலையும் கூடும் கட்டி மீன் பிடிப்பது நமது ஆட்கள்தான். நீர்நாயும் பாலாமையும் அதற்குள் மூச்சடைத்துச் சாகும், மற்றவை வீதிக்கு ஏறும்.

மதகு சரியான பிறகுதான் வேலி. முதலில் வேலி போட்டால் விலங்கு வழி தேடி அலைந்து வேலி முடியும் இடத்தில் கடக்கும், சாவு அங்கே குவியும். மதகின் இருபுறமும் ஆகக் குறைந்தது 50 மீற்றர் வீதம், தவளைக்கும் ஆமைக்கும் 50 சென்ரிமீற்றர் உயரம், அதைத் தவிர இன்னும் 10 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதைய வேண்டும். மேல் விளிம்பு வீதிக்கு எதிர்ப்பக்கம், விலங்கு வரும் பக்கமாக மடிந்திருக்கவேண்டும், அப்போதுதான் ஏறியது திரும்ப விழும். கம்பங்கள் ஒன்றரை மீற்றருக்கு ஒன்று, வீதிப் பக்கத்தில். வேலியின் இரு முனையையும் கொளுவிபோல் காட்டுப் பக்கம் வளைத்து முடியுங்கள். பச்சை நிழல்வலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள்: தவளை ஏறும், பாம்பு கண்ணிக்குள் மாட்டும், ஒரு கோடை வெயிலில் உக்கிவிடும். மடித்த தட்டைத் தகரம் பரவாயில்லை, கூரான விளிம்பு மேலே நிற்காமல் பாருங்கள். வேலிக்கு வெளியே ஒரு அடிக்குப் புல்லை வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும்; வளர்ந்த புல் ஏணி. வெள்ளம் குறுக்கே பாயும் தாழ்வில், தாம்போதி அருகில், வேலியே வேண்டாம். முதல் வெள்ளத்திலேயே தகரம் வயலுக்குள் கிடக்கும்.

மரத்தில் வாழும் தவளைகளை இந்த வேலி எதுவும் தடுக்காது. அவற்றுக்கு மழை இரவில் மெதுவாக ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பல சங்கங்கள் ஒரு வருடத்தை இழக்கின்றன. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்வீதி பிரதேச சபைக்கு உரியது. வாய்க்கால் கட்டு நீர்ப்பாசனத்துக்கு. பிரதிகளைப் பிரதேச செயலகத்துக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அனுமதி இல்லாமல் அரச கானில் ஒரு கல்லும் வைக்கவேண்டாம்.

கேள்வி: வாகனத்தின் முன் பம்பரில் ஒட்டும் விசில், காற்றில் ஊதி மிருகங்களை விரட்டும் என்கிறார்கள். வாங்கலாமா?
— கல்முனை வாசகர்

வேண்டாம். வெளிநாடுகளில் மான்களை வைத்துச் சோதித்தபோது அவை விசிலைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சத்தம் என்ஜின், ரயர் சத்தத்துக்குள் அடங்கிவிடும். கேட்டாலும் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று விலங்குக்கு அது சொல்லாது. அந்தக் காசுக்கு லைட் கண்ணாடியை மாற்றுங்கள்.

கேள்வி: பொத்துவிலிலிருந்து லகுகல வழியாகச் சியம்பலாண்டுவைக்கு அதிகாலையில் ஓட்டோ ஓடுகிறேன். யானை நின்றால் கோர்ன் அடித்துக் கடந்துவிடுவது நல்லது என்கிறார்கள் சிலர்.
— ஓட்டோ சாரதி, பொத்துவில்

சொன்னவர் இன்னும் நல்ல யானையைச் சந்திக்கவில்லை. லகுகல–கித்துலான தேசிய பூங்காவை ஏ4 வீதி தொட்டுக்கொண்டு போகிறது. குளத்துப் புல்லுக்கு வரும் யானைகளுக்கு அந்த வீதி நடுவில் வந்த தடை. இரவில் யானை தெரியாததற்குக் காரணம், தோல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது; கண்ணோ உங்கள் டிம் லைட் எட்டும் மட்டத்துக்கு மேலே. கால்கள் மட்டும் மரத்தடிபோல் தெரியும். அந்தத் துண்டில் 40க்கு மேல் வேண்டாம்.

கண்டால் 50 மீற்றருக்குக் குறையாமல் நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும், டிம் எரியட்டும். கோர்ன், பிரைட் அடித்து அணைத்தல், கைத்தொலைபேசி ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நிற்கும்போது இடையில் நுழைவதுதான் சாவுக்கு வழி. கடந்துவிட்டன என்று தோன்றியதும் புறப்படாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். யானை உங்களை நோக்கி வந்தால் திருப்ப முயலாமல் நேராகப் பின்னுக்கு எடுங்கள். பின்னால் இன்னொரு வாகனம் ஒட்டி நின்றால் அதுவும் முடியாது, அதனால் வரிசையில் இடைவெளி விட்டு நிற்பது எல்லோருக்கும் நல்லது.

வாழைப்பழம், கரும்பு எறிவதை நிறுத்துங்கள். எறிபட்ட பழத்துக்குப் பழகிய யானை வீதியோரத்திலேயே நிற்கும், கொடுக்காத வாகனத்தை மறிக்கும். ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு வந்த யானைகள் பொலித்தீன் தின்று செத்ததை எல்லோரும் அறிவோம். பயணத்தில் எறியும் சோற்றுப் பொதி, ஒரு குப்பைமேட்டை வீதி நீளத்துக்கு இழுத்துவிட்டது போலத்தான்.

கேள்வி: அடிபட்டு உயிரோடு கிடக்கும் விலங்கைக் கண்டால் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகலாமா?
— ஏறாவூர், திருக்கோவில், நிந்தவூர் வாசகர்கள்

எந்த விலங்கு என்பதைப் பொறுத்தது. முதலில் நீங்கள் அடிபடாமல் பாருங்கள். வாகனத்தை வீதிக்கு வெளியே நிறுத்தி, இரு பக்க சிக்னலையும் போட்டு, பின்னால் 50 மீற்றரில் ஒரு பச்சைக் கொப்பை வையுங்கள். போகும்போது அதை எடுத்துவிடுங்கள்.

நரி, மரநாய், கீரி, மீன்பிடிப் பூனை, குரங்கு: கை வைக்கவேண்டாம். வலியில் கிடப்பது கடிக்கும், விசர்நோய் நாயில் மட்டும் இருப்பதல்ல. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழைத்து, வீதியின் பெயர், கிட்டிய கிலோமீற்றர் கல், என்ன விலங்கு, எழும்புகிறதா இல்லையா என்ற நான்கையும் சொல்லுங்கள். ‘சிறுத்தைக் குட்டி அடிபட்டுக் கிடக்கிறது’ என்று வரும் அழைப்புகளில் சில மீன்பிடிப் பூனையாக முடியும். வாவியோரத்திலும் குளத்தோரத்திலும் வாழும் அது நாய் அளவு வளரும். ஆகவே படம் எடுத்து அனுப்புவது நல்லது.

பறவை என்றால் மேலே துணியைப் போட்டு இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, காட்போட் பெட்டியில் பேனை அளவு ஓட்டைகள் போட்டு, இருட்டாக, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். மோதி மயங்கியது மட்டும் என்றால் ஒன்றிரண்டு மணியில் எழும்பும். ஆமை: அதன் முதுகு ஓட்டை இரு பக்கமும் பிடித்து, அது பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே வீதிக்கு அப்பால் வையுங்கள். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடி வீதிக்கு ஏறும். ஓடு வெடித்திருந்தால் சுத்தமான துணியால் சுற்றுங்கள். பசை, மஞ்சள், ஒயில் எதுவும் பூசவேண்டாம். எதற்கும் பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடும்பு வாலால் அடிக்கும், பாம்பு செத்த பிறகும் கடிக்கும். தலை துண்டான பாம்புகூடச் சிறிது நேரம் கொத்தும்.

செத்துக் கிடப்பதை வீதியில் விட்டுப்போவது இன்னும் இரண்டு சாவுக்கு அழைப்பு. பருந்தும் காகமும் செண்பகமும் கபரகொய்யான் என்ற நீர் உடும்பும் அதைத் தின்ன வந்து அடிபடும். மண்வெட்டியால் தள்ளி, வீதியிலிருந்து பத்து மீற்றராவது உள்ளே போடுங்கள். பெண் விலங்கின் முலை பால் கட்டியிருந்தால் சுற்றுப் பற்றையில் குட்டி இருக்கக்கூடும் என்பதையும் 1992இல் சொல்லுங்கள்.

கேள்வி: தானாக அடிபட்டுச் செத்த மான் இறைச்சியை எடுப்பதில் என்ன குற்றம்? வீணாகத்தானே போகிறது?
— பெயர் வேண்டாம் என்றவர்

குற்றம்தான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கும் விலங்கு உங்கள் கையில் எப்படி வந்தது என்று கேட்கும். ‘வீதியில் கிடந்தது’ என்பது எல்லா வேட்டைக்காரரும் சொல்லும் பதில். வயிறு வெடித்துக் கிடக்கும் இறைச்சி நல்லதும் அல்ல. வீணாகவும் போகாது, நரிக்கும் உடும்புக்கும் அது சாப்பாடு.

கேள்வி: எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகம் ‘மிருகங்கள் கவனம்’ பலகை வைக்க விரும்புகிறது. எங்கே வைப்பது?
— ஆசிரியர், வாகரைப் பக்கம்

எங்கே என்பதை ஊகிக்காமல் எண்ணிப் பாருங்கள். ஐந்து கிலோமீற்றர் துண்டு ஒன்றைத் தெரிவுசெய்து, வாரத்தில் இரண்டு நாள், காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் 30க்கு மேல் போகாமல் ஓடுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்கவேண்டும். ஏழு மணிக்குப் போனால் காகம் தவளையையும் ஓணானையும் எடுத்துவிடும், எதுவும் சாகவில்லை என்று எழுதுவீர்கள். பெரிய வீதியில் பெரியவர்கள் மட்டும் போகட்டும், பிள்ளைகளுக்கு உள்வீதி போதும்.

கொப்பியில் திகதி, நேரம், கிலோமீற்றர் கல்லும் அதிலிருந்து எத்தனை மீற்றரும், என்ன உயிர், இரு பக்கமும் வயலா பற்றையா குளமா குடிமனையா, முந்திய இரவு மழையா, கிட்டிய மதகு எவ்வளவு தூரம். அளவுக்குப் பக்கத்தில் பேனை வைத்து ஒரு படம். எண்ணியதை ஓரத்தில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறையும் எண்ணுவீர்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதவேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பெயர் தெரியாதவற்றை மற்றவர்கள் அடையாளம் சொல்வார்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் முடிந்தால் தாளில் புள்ளிகள் இரண்டு மூன்று இடத்தில் குவிந்து நிற்கும். அநேகமாக ஒன்று குளக்கட்டு, இன்னொன்று அடைத்த மதகு.

பலகை அந்த இடத்துக்கு இரு பக்கமும் 200 மீற்றர் முன்னால். எழுத்து 15 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது; அதுவே 80 மீற்றரில்தான் வாசிபடும். மூன்று மொழியிலும் வசனம் எழுதி அடைக்காமல், விலங்கின் உருவம், ‘அடுத்த 400 மீற்றர்’, மாதம், நேரம் இவை போதும். வருடம் முழுக்க நிற்கும் பலகையைச் சாரதி மூன்றாம் வாரத்தில் காண்பதை நிறுத்திவிடுவார். தவளைக்கான பலகையை ஐப்பசியில் நட்டு, தை முடியக் கழற்றி, அடுத்த வருடம் மறுபடி நடுங்கள். வீதியில் நீங்களாக மேடு கட்டாதீர்கள், இரவில் மோட்டார் சைக்கிள்காரர் செத்தால் வழக்கு உங்கள் மேல்தான்.

கேள்வி: பாணமை வீதியில் கண்ட நட்சத்திர ஆமையைப் பிள்ளைகள் தூக்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறார்கள். குளத்தில் விட்டுவிடட்டுமா?
— தாயார் ஒருவர், பொத்துவில்

குளத்தில் விடவேண்டாம் அம்மா, அது தரை ஆமை. நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். 2019இலிருந்து சர்வதேச வியாபாரமும் முற்றாகத் தடைசெய்யப்பட்ட இனம் இது. 1992க்கு அழைத்து, எங்கே எடுத்தது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அந்த இடத்துப் பற்றையிலேயே விடுவதுதான் சரி. அதுவரை நிழலில், தட்டையான சிரட்டையில் விரல் ஆழத் தண்ணீர், கொஞ்சம் பச்சைப் புல். சோறும் பாணும் வேண்டாம். பிள்ளைகள் ஓட்டில் பெயின்ற் அடித்திருந்தால் சுரண்டவோ தின்னர் போடவோ வேண்டாம், அப்படியே கொடுங்கள்.